மாற்றுத்திறனாளிகளுக்கான ஆதரவுச் சேவைகள்: அரசின் பணம் முதலில் எங்கே போக வேண்டும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு ஒதுக்கும் தொகை போதுமா என்ற கேள்வி ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் எழுகிறது. ஒதுக்கிய தொகைக்குள் எதற்கு முதலிடம், எது காத்திருக்கலாம் என்ற கேள்வியோ அரிதாகவே எழுகிறது. மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் இத்துறையில் பணியாற்றுவோரும் வரி செலுத்தும் பொதுமக்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் தகவலும் உண்டு, என் கருத்தும் உண்டு. எது கருத்து என்பது அந்தந்த இடத்திலேயே தெரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

ஆதரவுச் சேவைகள் என்பவை யாவை? மாத உதவித்தொகையும் அதில் சேருமா?

காலையில் படுக்கையிலிருந்து எழுப்பி, குளிக்கவும் உடுத்தவும் கழிப்பறைக்குச் செல்லவும் துணைபுரியும் உதவியாளர், சக்கர நாற்காலி, செவித்துணைக் கருவி, செயற்கைக் கால், திரை வாசிப்பு மென்பொருள் போன்ற உதவிக் கருவிகள், சைகை மொழிபெயர்ப்பாளர், இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, பள்ளியில் சிறப்பாசிரியர், வேலையிடத்தில் உடனிருந்து பழக்குபவர், குடும்பத்தினர் சில நாள் மூச்சு வாங்குவதற்கான தற்காலிகப் பராமரிப்பு ஆகிய எல்லாம் ஆதரவுச் சேவைகளே. ஒருவர் தம் அன்றாட வாழ்வைத் தாமே நடத்தத் தேவைப்படும் துணை எதுவோ அது இந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

மாத உதவித்தொகையின் வேலை வேறு. அது வருமானம் இல்லாததை ஈடுகட்டுவது. ஆதரவுச் சேவையோ, வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றுத்திறனால் கூடுதலாக வரும் செலவைச் சுமப்பது. ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் பேருந்தில் வருகிறார். மற்றவர் பேருந்தில் ஏற முடியாததால் நாள்தோறும் வாடகை வண்டியில் வருகிறார், உதவியாளருக்கு ஊதியம் தருகிறார், சிறுநீர்க் குழாயும் உறையும் மாதந்தோறும் வாங்குகிறார். சம்பளச் சீட்டில் இருவரும் சமம், மாதக் கடைசியில் அல்ல. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தரப்படுவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இவர்களுக்குத் தர வேண்டும் என்று சொல்வதற்கு அடிப்படை இந்தக் கூடுதல் செலவுதான். பட்ஜெட் ஆவணங்களில் உதவித்தொகையையும் சேவையையும் ஒரே வரியில் கூட்டிக் காட்டும்போது, தொகை பெரிதாகத் தெரியும். சேவைக்கென்று அதில் எவ்வளவு மிஞ்சியது என்பது மறைந்துபோகும்.

உண்மையில் எத்தனை பேருக்கு இந்தச் சேவைகள் தேவைப்படுகின்றன?

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவு மாற்றுத்திறனோடு வாழ்கின்றனர். இவர்கள் எல்லோருக்கும் நாள்தோறும் உதவியாளர் தேவையில்லை. பலருக்கு ஒரு கருவியும் படிக்கட்டுக்குப் பதில் ஒரு சாய்தளமும் போதும்.

நாடுகளின் சொந்தக் கணக்குகள் இந்த அளவிலிருந்து வெகுவாக விலகி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கேள்வி கேட்கும் முறை. "இந்த வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று கணக்கெடுப்பாளர் கேட்டால், கூச்சத்தால் மறைப்பவர் உண்டு, முதுமையால் பார்வை மங்கியதை ஊனம் என்றே எண்ணாதவர் அதைவிட அதிகம். இதை மனத்தில் கொண்டுதான், ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன்னைப் பராமரித்துக்கொள்ளல், பிறருடன் தொடர்புகொள்ளல் ஆகிய ஆறிலும் எவ்வளவு சிரமம் என்று கேட்கும் சிறிய வினாத்தொகுப்பை உருவாக்கியது. குறைத்து எண்ணப்பட்ட தொகையை வைத்து ஒதுக்கீடு செய்தால், கணக்கில் வராதவர் வரிசையில் கடைசியில்கூட நிற்க முடியாது.

எல்லோருக்கும் எல்லாமும் உடனே தர முடியாதபோது எதை முதலில் வைப்பது?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். என் பதில் ஓர் அளவுகோலாக இருக்கிறது: காத்திருந்தால் திரும்பக் கிடைக்காதது எதுவோ, அதற்கு முதல் பணம்.

செவித்திறன் குறைந்து பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குதல் என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட நெறி. காரணம், மொழி மூளையில் வேரூன்றும் ஆண்டுகள் மிகக் குறைவானவை. சைகை மொழியோ பேச்சு மொழியோ ஏதோ ஒன்று அந்த ஆண்டுகளில் குழந்தையைச் சென்றடைய வேண்டும். நிதி அடுத்த ஆண்டு வரும் என்று சொன்னால் நிதி வந்துவிடும். அந்த ஆண்டு வராது. முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்ச்சி இழந்தவருக்குச் சரியான மெத்தையும் நாற்காலியும் கிடைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும், புண் சீழ்பிடிக்கும், அதிலேயே உயிர் போவதும் உண்டு. பெருமூளை வாதம் உள்ள சிறுமி, வளர்ந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அளவு நாற்காலியிலேயே அமர்ந்திருந்தால் முதுகெலும்பு வளைகிறது. பிறகு செய்யும் அறுவை சிகிச்சைக்கு அரசு செலவழிக்கும் தொகையில் எத்தனையோ நாற்காலிகள் வாங்கியிருக்கலாம். நாற்காலியின் செலவு ஒரு துறையின் கணக்கிலும் அறுவை சிகிச்சையின் செலவு வேறொரு துறையின் கணக்கிலும் எழுதப்படுவதால், இந்த இழப்பு எந்தத் துறைக்கும் தன் இழப்பாகத் தெரிவதில்லை.

ஆகவே, உயிரையும் உடலையும் காக்கும் மனித உதவியின் மணிநேரங்களும் அதற்கு வேண்டிய பொருட்களும் முதலில் வர வேண்டும். அதே வரிசையில், சற்றும் பின்தங்காமல், குழந்தைகளின் முதல் ஆறு ஆண்டுகளுக்கான சேவைகள் வர வேண்டும். கொடுத்த கருவி ஓடிக்கொண்டே இருப்பதற்கான பழுதுபார்ப்புச் செலவு அவற்றையடுத்து வரும். புதிய தலைமை அலுவலகக் கட்டடம், விழாக்கள், விருதுகள், ஒருநாள் முகாம்கள், படம் எடுத்து வெளியிடுவதற்கென்றே நடக்கும் வழங்கல் நிகழ்ச்சிகள் ஆகியவை எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருக்கலாம். அவை காத்திருப்பதால் ஒருவருடைய முதுகெலும்பும் வளைவதில்லை.

இந்த அளவுகோலில் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடனே கண்ணில் படும் ஆபத்தையே அது முன்னுக்குத் தள்ளும். மெல்ல நிகழும் இழப்பைக் காணத் தவறும். பள்ளி முடித்த ஓர் இளைஞர், வேலைக்குத் துணைநிற்பவர் கிடைக்காமல் 18 வயது முதல் 25 வயது வரை வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அதுவும் திரும்பக் கிடைக்காத காலமே. கற்றதை மறக்கிறார், நண்பர்களை இழக்கிறார், தம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் கரைகிறது. ஆகையால் பள்ளியிலிருந்து வெளியேறும் அந்த ஓரிரு ஆண்டுகளையும் அவசரமானவை என்ற பட்டியலிலேயே சேர்க்கிறேன். சேர்க்கும் நாடுகள் குறைவு.

மிகக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் தந்தால் பணம் மிஞ்சுமே?

மிஞ்சுவதுபோல் தோன்றும். முதலில், பாதிப்பின் மருத்துவச் சதவீதமும் தேவைப்படும் உதவியின் அளவும் ஒன்றல்ல. கால் இழந்து 80 சதவீதச் சான்றிதழ் பெற்றவர், நல்ல செயற்கைக் காலும் சமதளமான வேலையிடமும் இருந்தால் நாள் முழுவதும் எவர் துணையுமின்றி இயங்கக்கூடும். அதைவிடக் குறைந்த சதவீதம் எழுதப்பட்ட அறிவுசார் குறைபாடு உடைய பெண்ணுக்கு, வீட்டைவிட்டு வெளியே செல்லும் ஒவ்வொரு முறையும் உடன்வர ஒருவர் தேவைப்படலாம். உடலுறுப்பை அளந்து எழுதும் சான்றிதழால் வாழ்க்கையை அளக்க முடியாது. என்ன செய்ய விரும்புகிறார், எங்கே தடைபடுகிறார், யார் துணையிருக்கிறார் என்று கேட்கும் மதிப்பீடுதான் ஒதுக்கீட்டுக்கு உதவும். அதையும் ஆண்டுக்காண்டு ஒரே மனிதரிடம் திரும்பச் செய்து அவரை அலைக்கழிக்கக் கூடாது. துண்டிக்கப்பட்ட கால் அடுத்த ஆண்டு முளைப்பதில்லை.

அடுத்து, லேசான தேவை உள்ளவர்களுக்கான மலிவான சேவைகளை வெட்டினால், அவர்களே சில ஆண்டுகள் கழித்துக் கடுமையான தேவையோடு திரும்பி வருகிறார்கள், அல்லது கடுமையான தேவை இருப்பதாகக் காட்டியாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்குச் சான்று. அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

உரிமை என்று அறிவித்துவிட்டால் செலவு கட்டுக்கடங்காமல் போய்விடாதா?

இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆஸ்திரேலிய அரசுக்கு ஆலோசனை கூறும் அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் 2011இல், அந்நாட்டின் அன்றைய மாற்றுத்திறனாளர் ஆதரவு முறை நிதிக் குறைவானது, நியாயமற்றது, சிதறுண்டது, திறனற்றது என்று தீர்ப்பளித்தது. அதன் பரிந்துரையில் பிறந்ததே தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டம். 2013இல் சில பகுதிகளில் தொடங்கி நாடு முழுவதும் விரிந்தது. 65 வயதுக்குள் சேர்பவருக்கு, நிரந்தரமான, குறிப்பிடத்தக்க பாதிப்பு இருந்தால், அவருடைய தேவைக்கேற்பத் தனித்திட்டம் வகுத்து, அதற்கான நிதியை அவர் பெயரிலேயே ஒதுக்குகிறார்கள். வருமான வரம்பு கிடையாது. முன்பு வாரத்துக்கு இரண்டு முறை மட்டுமே குளிக்க வைக்கப்பட்டவர்கள் நாள்தோறும் குளிக்கும் நிலை வந்தது என்றால், அதன் மதிப்பை எந்தக் கணக்காளரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் செலவு, கணித்ததைவிட வேகமாக ஏறியது. பயன்பெறுவோர் 6 லட்சத்தைத் தாண்டினர். ஆண்டுச் செலவு 4,000 கோடி ஆஸ்திரேலிய டாலரைக் கடந்தது. ஆண்டு வளர்ச்சியை 8 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அரசுகள் இலக்கு வைத்தன. 2023இல் வெளியான மறுஆய்வு சொன்ன காரணங்களில் முக்கியமானது, திட்டத்துக்கு வெளியே ஏறக்குறைய எதுவுமே எஞ்சவில்லை என்பது. புதிய திட்டம் வந்துவிட்டது என்று பள்ளிகளிலும் சமூக மையங்களிலும் மாநில அரசுகளிடமும் இருந்த பொதுவான சேவைகள் வற்றின. வளர்ச்சியில் சற்றுத் தாமதம் காணும் ஒரு குழந்தைக்கு வாரம் ஒரு மணிநேரப் பயிற்சி போதும் என்றாலும், அதைப் பெறுவதற்குப் பெரிய திட்டத்துக்குள் நுழைவதைத் தவிர வேறு வாசல் இல்லாமல் போனது. பாலைவனத்தில் ஒரே ஒரு சோலை இருந்தால் ஊரே அங்குதான் கூடும்.

செலவு ஏறியதற்கு உரிமையைக் குற்றம் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆழமான சேவையைச் சிலருக்கு உறுதிசெய்தபோது, மேலோட்டமான சேவையைப் பலருக்கு விட்டுவைக்கத் தவறியதுதான் பெரும் பிழை. அதோடு, சேவை வழங்கும் தனியார் நிறுவனங்களின் விலையையும் தரத்தையும் கண்காணிக்கும் ஏற்பாடு பலவீனமாக இருந்தது, மோசடியும் நுழைந்தது. இவை திருத்தக்கூடியவை. செலவைக் குறைக்கும் எளிய வழி என்று தனி மனிதரின் உதவி மணிநேரங்களில் கைவைப்பது, கசியும் குழாயை விட்டுவிட்டுக் குடிப்பவரின் குவளையைப் பறிப்பதாகும்.

பணமாகத் தருவது நல்லதா, சேவையாகத் தருவது நல்லதா?

உதவியாளர் விஷயத்தில் பணமாகத் தருவது நல்லது என்பதற்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. ஸ்வீடனில் 1994 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, அடிப்படைத் தேவைகளுக்கு வாரம் 20 மணிநேரத்துக்கு மேல் உதவி தேவைப்படுபவருக்கு அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பு அதற்கான நிதியைத் தருகிறது. யாரை உதவியாளராக அமர்த்துவது என்பதை அவரே முடிவுசெய்கிறார். பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், சேவைக்குப் பதிலாக அதன் தொகையை நேரடியாகத் தர உள்ளாட்சிகளுக்கு வழிசெய்தது. என் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டுபவர் யார் என்பதை நான் தீர்மானிக்க வேண்டும் என்ற எளிய நியாயம்தான் இவற்றின் அடியில் இருக்கிறது.

பணத்தால் வாங்க ஏதாவது இருந்தால்தான் பணம் பயன்படும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளரே இல்லாத பகுதியில், அவரை அமர்த்திக்கொள்ளத் தொகை தருவது வெறும் காகிதம். அத்தகைய இடங்களில் பயிற்சி நிறுவனங்களையும் பயிற்றுநர்களையும் முதலில் உருவாக்குவது அரசின் வேலை; அதற்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் இன்றே தொடங்க வேண்டும். கணக்கு வைக்கவும் ஆட்களை நிர்வகிக்கவும் சிரமப்படுபவருக்கு அதற்கான துணையும் ஒதுக்கீட்டிலேயே சேர வேண்டும். அறிவுசார் குறைபாடு உடையவர் என்பதால் அவருக்குத் தேர்வுரிமை வேண்டாம் என்று முடிவுகட்டுவது சிக்கனம் ஆகாது.

பராமரிப்பு இல்லங்களுக்குப் பணம் தருவதை நிறுத்த வேண்டும் என்கிறார்களே, ஏன்?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்று, 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டு என்கிறது. அதற்கு முன்பே, 1999இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இரு பெண்களின் வழக்கில், சமூகத்தில் வாழத் தகுதியும் விருப்பமும் உள்ளவர்களைத் தேவையின்றி நிறுவனங்களில் வைத்திருப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஒல்ம்ஸ்டெட் தீர்ப்பு என்று அது அறியப்படுகிறது.

தீர்ப்பு வந்தும் பணத்தின் ஓட்டம் உடனே மாறவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வருமானம் குறைந்தவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்தில் பராமரிப்பு நிலையத்துக்கான செலவு கட்டாயமானது; தகுதி உள்ளவருக்கு மறுக்க முடியாது. வீட்டிலேயே உதவி பெறுவதற்கான நிதியின் பெரும்பகுதியோ 1981இல் அனுமதிக்கப்பட்ட விலக்குத் திட்டங்களின் வழியே, அதாவது வழக்கமான விதிகளிலிருந்து மாநிலங்களுக்கு விலக்குத் தரும் ஏற்பாடுகளின் வழியே வருகிறது. அதில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்று மாநிலம் வரம்பு வைக்கலாம். ஆக, இல்லத்தில் படுக்கை உடனே கிடைக்கும், சொந்த வீட்டில் உதவி வேண்டுமென்றால் பட்டியலில் பல ஆண்டுகள் நிற்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் பார்க்கிறது, பணம் இன்னொரு பக்கம் ஓடுகிறது.

இல்லங்களை மூடும்போது நிதித் துறைகள் தவறவிடும் ஒரு செலவு உண்டு. மூடப்போகும் இல்லத்தையும் புதிய வீட்டுச் சேவையையும் சில ஆண்டுகள் ஒருசேர நடத்த வேண்டியிருக்கும். இந்த இரட்டைச் செலவுக்கு இடம் வைக்காமல் இல்லத்தை மூடினால் அங்கிருந்தவர்கள் தெருவுக்கோ சிறைக்கோ போய்ச் சேர்கிறார்கள். வேறு சிலர் களைத்துப்போன குடும்பங்களிடம் விடப்படுகிறார்கள். மூடியதை இதற்காகக் குறைசொல்வது பொருந்தாது. மாற்று ஏற்பாடில்லாமல் மூடியதுதான் பிழை. புதிதாக இல்லம் கட்ட நிதி ஒதுக்குவதை நான் எதிர்ப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: கட்டிய கட்டடம் ஆட்களைக் கேட்கும். நூறு படுக்கைகள் இருந்தால் அவற்றை நிரப்பும் வேலை தானாகவே தொடங்கிவிடும். சிறிய வீடுகளாகக் கட்டினால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை ஆகாது. எப்போது உண்பது, எப்போது உறங்குவது, யார் வரலாம் என்பதை அங்கே வாழ்பவர் தீர்மானிக்க முடியாவிட்டால், சிலர் மட்டுமே வாழும் சிறிய வீடும் இல்லமே என்பதை, இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐக்கிய நாடுகள் குழு 2017இல் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உடன்படிக்கையே "படிப்படியாக" என்றுதானே சொல்கிறது? அரசுகள் காலம் எடுத்துக்கொள்வதில் என்ன தவறு?

பொருளாதார, சமூக உரிமைகளைப் பொறுத்தவரை 4ஆம் பிரிவு அப்படிச் சொல்வது உண்மை. அதே வாக்கியம், கைவசமுள்ள வளங்களின் உச்ச அளவுக்கு முயல வேண்டும் என்றும் சொல்கிறது. பாகுபாடு காட்டாமை போன்ற கடமைகளுக்குக் காலக்கெடு கிடையாது; அவை அன்றே தொடங்குபவை. படிப்படியாக என்றால் அடுத்த படி எது, எந்த ஆண்டு, எவ்வளவு தொகை என்று சொல்ல வேண்டும். படிகளே இல்லாத "படிப்படியாக" என்பது மறுப்பின் மரியாதையான வடிவம்.

உதவிக் கருவிகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வழங்குகிறார்கள். அது போதாதா?

வழங்கிய எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது தவறான அளவீடு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி 250 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவைப்படுகிறது. ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை. சில ஏழை நாடுகளில் தேவைப்படுவோரில் 3 சதவீதம் பேருக்கே கிடைக்கிறது. ஆகவே எண்ணிக்கையும் போதவில்லைதான். ஆனால் கிடைத்தவருக்கு அது பயன்படுகிறதா என்பது இன்னும் பெரிய கேள்வி.

சக்கர நாற்காலி வழங்குவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் வகுத்த நெறிமுறையில் எட்டுப் படிகள் இருக்கின்றன: பரிந்துரை, மதிப்பீடு, எந்த வகை என்ற குறிப்பு, நிதியும் கொள்முதலும், தயார்செய்தல், உடலுக்குப் பொருத்துதல், பயன்படுத்தப் பயிற்சி, பின்தொடர்தல். கொள்முதல் என்பது எட்டில் ஒன்றின் பாதி. மீதி எல்லாமே மனிதர்களின் நேரம். ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கக்கூடிய பொருள் அல்ல என்பதால் அவை ஒதுக்கீட்டில் விடுபடுகின்றன. ஒரே அளவில் மொத்தமாக வாங்கிய நாற்காலி, பரணில் ஏறிவிடுகிறது. செவித்துணைக் கருவியின் பேட்டரி தீர்ந்த நாளிலிருந்து அது ஒரு பிளாஸ்டிக் துண்டு. குழந்தையின் காது வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் அச்சும் மாற வேண்டும். கருவிக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கும் உதிரிப்பாகங்களுக்கும் மறுபொருத்தத்துக்கும் என்று தனியே எழுதிவைக்காத பட்ஜெட்டை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

வருமான வரம்பு வைப்பது நியாயம்தானே?

வருமானத்துக்கான உதவித்தொகைக்கு வரம்பு வைப்பதைப் புரிந்துகொள்ள முடியும். பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் வழிவகுத்த உதவித்தொகை, குடும்பத்தில் ஒருவருக்கான சராசரி வருமானம் குறைந்தபட்ச ஊதியத்தின் கால் பங்கைத் தாண்டாத மாற்றுத்திறனாளிகளுக்கு, மாதந்தோறும் ஒரு குறைந்தபட்ச ஊதியத்தை அளிக்கிறது. தொகை சிறிதல்ல. ஆனால் வேலைக்குப் போனால் அது நின்றுவிடும் என்ற அச்சம் பலரை வீட்டிலேயே இருத்தியது. அதனால் 2021 முதல், வேலைக்குச் செல்பவருக்கு அதில் பாதியைத் தரும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

ஆதரவுச் சேவைக்கு வரம்பு வைப்பது வேறு. உதவியாளர் இருப்பதால்தான் ஒருவர் வேலைக்குப் போகிறார். வேலைக்குப் போனதால் உதவியாளரை நிறுத்தினால் மறுநாள் வேலையும் நின்றுவிடும். பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்து 30 வயது மகளுக்குச் சேவை மறுப்பது, அவர் வாழ்நாள் முழுவதும் பெற்றோரின் பொறுப்பு என்று அரசே முத்திரை குத்துவதாகும்.

குடும்பத்தினர்தான் பார்த்துக்கொள்கிறார்களே, அவர்களுக்கு என்ன தேவை?

வளர்ந்த மகனைத் தூக்கித் தூக்கி முதுகு போன தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் தங்களுக்கென்று ஒன்றும் கேட்பதில்லை. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நாட்டில், ஊதியமற்ற அந்தப் பெண்களின் உழைப்புதான் மிகப்பெரிய நிதியாதாரமாக இருக்கிறது. எந்த ஆவணத்திலும் அது வரவாக எழுதப்படுவதில்லை.

உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, வறுமையில் வாழும் குடும்பங்களுக்கான உதவிகளில் தற்காலிகப் பராமரிப்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆண்டுக்குச் சில வாரங்கள் வேறொருவர் பொறுப்பேற்பதற்கான செலவு மிகச் சிறியது. அது கிடைக்காமல் தாய் நோயில் விழும் நாளில், அவசரமாக இல்லத்தில் சேர்க்கும் செலவு பலமடங்கு ஆகும். அந்த மகன் இழப்பதோ பழகிய வீட்டையும் மனிதர்களையும். பராமரிப்பவருக்கான ஓய்வை நான் முன்னுரிமைப் பட்டியலில் மேலே வைப்பதற்குக் காரணம் இது. தாய் உயிரோடு இருக்கும்போதே மகன் வேறொருவரின் உதவிக்குப் பழகவும் அந்தச் சில வாரங்களே இடம்தருகின்றன.

உதவியாளர்களின் ஊதியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முழுத் தொடர்பு உண்டு. ஊதியம் குறைவாக இருந்தால் உதவியாளர்கள் சில மாதங்களில் விலகிவிடுவார்கள். ஒவ்வொரு புதியவருக்கும், தம்மை எப்படித் தூக்க வேண்டும், உணவை எந்தப் பதத்தில் ஊட்ட வேண்டும் என்பதை அந்த மாற்றுத்திறனாளி முதலிலிருந்து கற்றுத்தர வேண்டியிருக்கிறது. பேச இயலாதவர் என்றால் அதையும் செய்ய முடியாது. ஒதுக்கீட்டை உயர்த்தும்போது மணிநேரங்களின் எண்ணிக்கையை மட்டும் உயர்த்தி, மணிநேர ஊதியத்தைத் தேக்கி வைத்தால், ஏட்டில் மணிநேரங்கள் இருக்கும், வாசலில் ஆள் இருக்காது.

தனி ஒதுக்கீடு வேண்டுமா, எல்லாத் துறைகளின் பொது ஒதுக்கீட்டிலும் கலந்திருக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும்; எதற்கு எது என்பதில்தான் தெளிவு தேவை. பேருந்து, கட்டடம், பள்ளி, இணையதளம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பது அந்தந்தத் துறையின் செலவு. புதிய கட்டடத்தைத் தொடக்கத்திலேயே அணுகத்தக்கதாக வடிவமைத்தால் அதற்கான கூடுதல் செலவு பொதுவாக மொத்தச் செலவில் 1 சதவீத அளவில் அடங்கும் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மாற்றுத்திறன் பற்றி 2011இல் வெளியிட்ட உலக அறிக்கை கூறுகிறது. இடித்துத் திருத்தும்போதுதான் செலவு ஏறுகிறது. பொதுப்பணித் துறை விட்ட பிழையைச் சரிசெய்யும் தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் சிறிய பையிலிருந்து எடுக்கப்படக் கூடாது.

மாறாக, தனி மனிதருக்கான உதவி நிதிக்குப் பூட்டு தேவை, அதாவது வேறெதற்கும் செலவிட முடியாது என்ற கட்டுப்பாடு. பிரிட்டனில் 1988இல் தொடங்கிய சுதந்திர வாழ்வு நிதியம், கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் சொந்த வீட்டில் வாழ உதவியது. 2015 ஜூன் 30 அன்று அது மூடப்பட்டு, பொறுப்பும் பணமும் இங்கிலாந்தில் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அந்தப் பணத்தை இதற்கே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை. நெருக்கடியில் இருந்த உள்ளாட்சிகள் வேறு செலவுகளை எதிர்கொண்டிருந்தன. பலருடைய உதவி மணிநேரங்கள் குறைந்தன. ஸ்காட்லாந்து தனக்கென ஒரு நிதியத்தை அமைத்து அதைத் தொடர்ந்தது. வாக்குறுதி மட்டும் இருந்து பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 1975இல் இயற்றிய சிறப்புக் கல்விச் சட்டத்தில், ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கும் என்று சொல்லப்பட்டது. அந்த அளவு ஒரு முறைகூட எட்டப்படவில்லை.

இந்தச் செலவு முதலீடாகத் திரும்பி வரும் என்று வாதிடலாமா?

ஓரளவுக்கு. தொடக்கக்காலப் பயிற்சி, வேலைக்கான துணை, கருவிகள் ஆகியவற்றில் பொருளாதாரப் பலன் உண்மையானது. நிதித் துறையிடம் பேசும்போது அதைச் சொல்லத்தான் வேண்டும். எனினும் அதையே முழு வாதமாக்கினால், ஒருபோதும் சம்பாதிக்க முடியாதவர் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார். தம் வாழ்நாள் முழுவதும் படுக்கையிலேயே இருக்கும் ஒருவரைச் சுத்தமாகவும் வலியின்றியும் வைத்திருப்பதற்கு இலாபக் கணக்கு எதுவும் தேவையில்லை.

முன்னுரிமையை யார் தீர்மானிக்க வேண்டும்?

உடன்படிக்கையின் 4ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, தங்களைப் பற்றிய முடிவுகளில் மாற்றுத்திறனாளிகளையும் அவர்களுடைய அமைப்புகளையும் நெருக்கமாகக் கலந்தாலோசிக்கவும் ஈடுபடுத்தவும் வேண்டும் என்கிறது. நடைமுறையில் ஆலோசனைக் கூட்டம், திட்டம் அச்சான பிறகு நடக்கிறது. பட்ஜெட் மதிப்பீடுகள் தயாராகும் மாதங்களுக்கு முன்பே, அணுகத்தக்க இடத்தில், சைகை மொழிபெயர்ப்போடும் எளிய மொழி ஆவணத்தோடும், வந்துபோகும் செலவும் தந்து அழைத்தால்தான் அது ஆலோசனை. அமைப்பாகத் திரள முடியாதவர்களும் உண்டு. அறிவுசார் குறைபாடு உடையோர், மனநலப் பாதிப்பால் வரும் உளச்சமூக மாற்றுத்திறன் உடையோர், இல்லங்களில் அடைபட்டிருப்போர் ஆகியோரின் குரல் கூட்டத்துக்குத் தானாக வந்துவிடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று கேட்க வேண்டும்.

பட்ஜெட் ஆவணத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

அறிவிப்பில் வரும் தொகையோடு நின்றுவிடாதீர்கள். பல நாடுகளின் ஆவணங்களில் மூன்று தொகைகள் கிடைக்கும்: தொடக்க மதிப்பீடு, ஆண்டின் நடுவில் திருத்திய மதிப்பீடு, ஆண்டு முடிந்து சில காலம் கழித்து வரும் உண்மைச் செலவு. சிறிய துறைகளில் முதல் தொகைக்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். செலவாகாமல் திரும்பிய பணம் என்பது பெரும்பாலும், வழங்கப்படாத கருவியும் நிரப்பப்படாத பணியிடமும்தான். பிறகு, கட்டடம் போன்ற மூலதனச் செலவையும் ஊதியம் போன்ற தொடர் செலவையும் பிரித்துப் பாருங்கள். ஆதரவுச் சேவையில் பெரும்பகுதி தொடர் செலவாகவே இருந்தாக வேண்டும். முந்தைய ஆண்டைவிட உயர்ந்திருக்கிறது என்றால், விலைவாசி உயர்வையும் பயனாளிகளின் பெருக்கத்தையும் கழித்து, ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். உயர்ந்ததாகச் சொல்லப்படும் பல ஒதுக்கீடுகள் அந்த வகுத்தலில் குறைந்துவிடும்.

கடைசியாக, ஆவணத்தில் இல்லாத ஓர் எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு சேவைக்கும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், விண்ணப்பித்த நாள் முதல் சேவை கிடைத்த நாள் வரை சராசரியாக எத்தனை நாள் ஆகிறது, காத்திருக்கும்போதே இறந்தவர் எத்தனை பேர்? தகவல் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் இதை எழுத்து மூலம் கேட்கலாம். மற்ற நாடுகளில் சட்டமன்ற உறுப்பினர் வழியாகக் கேட்கலாம். அப்படி ஒரு பட்டியலே பராமரிக்கப்படுவதில்லை என்ற பதில் வந்தால், அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பட்டியல் எப்போது தொடங்கப்படும் என்று அடுத்த விண்ணப்பத்தை அன்றே அனுப்புங்கள்.